மூன்று விரல் டயர்

இருவர் மிதிக்கும் சைக்கிளில் பின்சீட்டுக்காரிக்கு உலகம் என்பது முன்சீட்டுக்காரியின் முதுகுதான். மேடு வந்தாலும் முதுகு, ஆறு வந்தாலும் முதுகு. அவள் கைக்கும் ஒரு ஹேண்டில் உண்டு, ஆனால் அது திரும்பாது. பிரேக் கிடையாது. மணிகூடக் கிடையாது. மிதிக்க மட்டும் செய்யலாம், அதையும் முன்னால் இருப்பவர் மிதிக்கிற நேரத்தில்தான் மிதிக்க முடியும். இரண்டு ஜோடி பெடலும் ஒரே சங்கிலிக்குக் கட்டுப்பட்டவை.

சைக்கிள் குழுவில் முன்சீட்டு நாத்தனாருக்கு கேப்டன் என்று பெயர். பின்சீட்டில் உட்கார்ந்த அவருடைய தம்பி மனைவிக்கு லக்கேஜ் என்று பெயர். யார் வைத்தது என்று விசாரித்தால் ஆளாளுக்குப் பக்கத்து ஆளைக் கைகாட்டினார்கள். வைத்தவர் கேப்டன்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கேப்டன் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலுக்கடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேரைக் கார் ஓட்ட வைத்தவர். "கண்ணை நம்பாத, மீட்டரை நம்பு" என்பது வகுப்பில் அவர் முதல் நாள் சொல்லும் வாக்கியம். கடைசி நாளும் அதையேதான் சொல்வார். மாடியில் குடியிருந்தார் என்றாலும் தம்பி குடியிருந்த கீழ்வீட்டின் அடுப்பில் தீ அதிகமாக இருப்பதை வாசனையை வைத்தே கண்டுபிடித்து, படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்துக் குறைக்கச் சொல்லும் திறமை அவருக்கு இருந்தது.

லக்கேஜுக்கு கேக் கடையில் வேலை. கேக் மேல் கிரீமில் ரோஜா போடுவது, பெயர் எழுதுவது, வயசு எழுதுவது. ஜன்னலே இல்லாத அறை, பக்கத்தில் எப்போதும் கொதிக்கிற ஓவன். வாரம் முழுக்க அதில் வெந்தவளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை என்பது வெறும் உடற்பயிற்சி இல்லை. முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாவிட்டாலும் பக்கவாட்டில் கால்வாய் ஓடுவது தெரியும், காற்று முகத்தில் அடிக்கும், கேப்டன் எதிரே வருகிற லாரிக்காரனைத் திட்டுகிற திட்டு காதில் விழும். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். இதை அவள் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை, ஆனால் அந்த வீட்டில் அவளுக்கு மிகவும் பிடித்த ஆள் நாத்தனார்தான். கட்டின புருஷன் இரண்டாவது இடம். அவன் லிஃப்ட் மெக்கானிக். சைக்கிளில் ஒரே ஒரு முறை அக்காவுக்குப் பின்னால் ஏறிவிட்டு, மேலேயும் கீழேயும் போகிற வண்டிதான் தனக்கு ஒத்துவரும் என்று சொல்லி இறங்கியவன்.

சிக்கல் டயரில் இருந்தது. அந்த சைக்கிளுக்கு ஒரு விரல் அகல டயர். அதில் கேப்டன் காற்றடித்தால் டயர் கருங்கல்லாகிவிடும். தார் ரோடு வரைக்கும் பரவாயில்லை. அவர்கள் போகிற பாதையில் பாதி தார் ரோடு, மீதி கால்வாய்க் கரையில் ஜல்லி கொட்டிய மண்பாதை. அந்த மண்பாதையில் ஒவ்வொரு கல்லும் சக்கரம் வழியாக ஏறி, சீட் வழியாகப் புகுந்து, அவள் விரல் நுனி வரை வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். முன்னால் இருப்பவருக்குக் கல் வருவது தெரியும், சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்துகொள்வார். பின்னால் இருப்பவளுக்கு முதுகுதானே தெரியும். கல் வந்தது, வந்த பிறகுதான் தெரியும்.

இதனால் திங்கட்கிழமை ரோஜாக்கள் கெட்டுப்போயின. விரல் மரத்துப்போய் கிரீம் பையைப் பிடித்தால் ரோஜா காலிஃபிளவராக மலர்ந்தது. ஒரு பாப்பாவின் பிறந்தநாள் கேக்கில் அவள் வரைந்த முயல் கழுதையாகப் போய்ச் சேர்ந்தது. கடை முதலாளியம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"இதப் பாரும்மா. சைக்கிள் ஓட்டு, வேணாங்கல. ஆனா திங்கக்கிழமை எனக்குக் கை வேணும். இன்னொரு தரம் கழுதை வந்துச்சுன்னா, சைக்கிளா கடையான்னு நீயே முடிவு பண்ணிக்க."

அன்று சாயங்காலமே அவள் மாடியேறி நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னாள். கேப்டன் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"கை வலிக்குதுன்னா வீட்ல இரு. எங்க டிரைவிங் ஸ்கூல் லாரி மாஸ்டர் ரொம்ப நாளா பின்சீட்டு கேட்டுக்கிட்டிருக்காரு. தொடை ஒண்ணொண்ணும் தூண் மாதிரி. வருஷ சவாரி வேற வருது. அந்த ஆடிட்டர் ஜோடி போன தடவை நம்மளத் தாண்டிப் போனப்ப டாட்டா காட்டிட்டுப் போச்சு, ஞாபகமிருக்குல்ல?"

அந்த டாட்டாவை யாரால் மறக்க முடியும். ஆடிட்டர் கணவனும் ஆடிட்டர் மனைவியும் இன்னொரு இரட்டை சைக்கிள் வைத்திருந்தார்கள். தாண்டிப் போகும்போது இருவரும் ஒரே நேரத்தில், சொல்லிவைத்தாற்போல் இடது கையை ஆட்டினார்கள். கேப்டன் அன்றிரவு சாப்பிடவில்லை.

"நான் வரலைன்னு சொல்லலைக்கா. டயரை மாத்துவோம்னு சொல்றேன். அகலமா போடுவோம்."

"அகலமான டயர் டிராக்டருக்குப் போடுறது."

"இது வேற. நடுவுல வழவழன்னு இருக்கும், தார் ரோட்ல ஓடிரும். ஓரத்துல மட்டும் குட்டிக் குட்டியா முட்டு இருக்கும், மண்ணுல பிடிச்சுக்கும். பக்கச் சுவர் மெலிசு, அதனால கல்லு மேல ஏறினா துள்ளாது, கல்லை முழுங்கிட்டுப் போயிரும். துள்ளித் துள்ளிப் போனா நம்ம மிதிக்கிறதெல்லாம் அந்தத் துள்ளலுக்கே போயிடுதுக்கா."

இவ்வளவும் அவள் ராத்திரி ராத்திரியாகப் படித்துச் சேர்த்தது. கேப்டன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். தம்பி மனைவிக்கு இவ்வளவு பேச வரும் என்பது அவருக்குப் புதுச் செய்தி.

இப்படி ஒரு சைக்கிள் கடைக்காரர் கிடைத்தது அவளுடைய துரதிர்ஷ்டம். அவருக்குச் சொந்த அபிப்பிராயம் என்று ஒன்று கிடையாது. "அகல டயர் நல்லதுதானே?" என்று இவள் கேட்டால், "பஞ்சு மாதிரி போகும்மா" என்பார். "ஒல்லி டயர்தானே வேகம்?" என்று கேப்டன் கேட்டால், "அம்பு மாதிரி போகும் மேடம்" என்பார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டபோது அவர் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

கடைசியில் கேப்டனே டயரைக் கையில் வாங்கினார். மூன்று விரல் அகலம். பக்கச் சுவரைக் கிள்ளிப் பார்த்தார், முட்டுகளைத் தடவிப் பார்த்தார், சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குள் விட்டு இரண்டு பக்கமும் இடம் இருக்கிறதா என்று பார்த்தார். தாராளமாக இருந்தது. அதற்கு மேல் மறுக்க வழியில்லை.

"சரி. போட்டுப் பாப்போம். ஆனா வேகம் குறைஞ்சாலோ, நீ மறுபடி கை வலின்னு வந்தாலோ, பழைய டயர், லாரி மாஸ்டர். சரியா?"

"சரிக்கா" என்றாள் அவள். பின்சீட்டையே பணயம் வைத்திருக்கிறோம் என்பது கடையை விட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை கேப்டன் காலால் மிதிக்கிற தன் பெரிய பம்பை எடுத்து வந்தார். அடியில் வட்டமாக, கண்ணாடி போட்ட மீட்டர். டயரின் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்ததைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார். "காற்று அதிகபட்சம் அறுபது." படித்தபடியே மிதித்தார். முள் அறுபதைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினார்.

"அக்கா, அவ்வளவு வேணாமே. நாப்பது, நாப்பத்தஞ்சு போதும்னு..."

"அதுலயே போட்டிருக்குல்ல?" என்றார் கேப்டன். அத்தோடு பேச்சு முடிந்தது.

விளைவு: மூன்று விரல் அகலத்தில் ஒரு கருங்கல். மண்பாதையில் பழையபடி பல் கிடுகிடுத்தது. புது டயர் கல்லை முழுங்கவில்லை, கல்லோடு மல்லுக்கு நின்றது. வீடு திரும்பியதும் அவள் விரல்களை மேசைக்கடியில் மறைத்துப் பிசைந்துகொண்டாள். வலிக்கிறது என்று சொன்னால் லாரி மாஸ்டர். சொல்லாவிட்டால் கழுதை.

அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் கத்துகிறவர்கள் உண்டு, அழுகிறவர்கள் உண்டு. அவளுக்குக் கை துறுதுறுக்கும். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்தவள், கேப்டன் வகுப்புக்குப் போயிருந்த நேரம், மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து பம்பின் மீட்டரைக் கழற்றினாள். கண்ணாடியைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருகினால் வந்துவிட்டது. உள்ளே முள். முள்ளுக்குப் பின்னால் எண் போட்ட வெள்ளை வட்டம். அவ்வளவுதான் சூத்திரம்.

முள்ளை அவள் தொடவில்லை. எண்களை மட்டும் மாற்றினாள். அதே அளவில் இன்னொரு வட்டம் வெட்டி, கேக்குக்கு வயசு எழுதுகிற கையால், தொழிற்சாலை எழுத்து அப்படியே வருகிற மாதிரி எண்களை எழுதினாள். பூஜ்யம் பூஜ்யத்திலேயே இருந்தது. நாற்பத்திரண்டு இருந்த இடத்தில் அறுபது வந்து உட்கார்ந்தது. அவளுக்கு இது புது வேலை இல்லை. ஐம்பதை நாற்பத்தெட்டாக எழுதச் சொல்லிக் காதோரம் வந்து கிசுகிசுக்கும் வாடிக்கையாளர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. என்ன, அங்கே குறைத்து எழுதுவாள், இங்கே கூட்டி எழுத வேண்டியிருந்தது.

வளையத்தைத் திருகி மூடும்போது கணவன் வந்து நின்றான். மீட்டரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"என்ன பண்ற?"

"தூசி தட்டுறேங்க."

அவன் குனிந்து உற்றுப் பார்த்தான். தொழில்காரன், புரியாமல் இருக்குமா. "ஒன்பதுக்கு வால் கொஞ்சம் நீளமா இருக்கு" என்றான். பிறகு, "நான் இப்ப வீட்லயே இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு கேப்டன் அறுபது வரை காற்றடித்தார். அதாவது நாற்பத்திரண்டு. கிளம்பினார்கள். தார் ரோட்டில் டயர் முணுமுணுப்பே இல்லாமல் ஓடியது. மண்பாதை வந்ததும் அவள் பழக்கத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு உதைக்காகக் காத்திருந்தாள். உதை வரவில்லை. ஜல்லியின் மேல் சைக்கிள், மெத்தையில் குழந்தை உருளுவதுபோல உருண்டு போனது. துள்ளல் இல்லாததால் மிதித்த மிதியெல்லாம் ஓட்டமாக மாறியது. வழக்கமாக மூச்சு வாங்குகிற இடத்தில் கேப்டன் ஏதோ பாட்டை முனகினார். கால்வாய்ப் பாலத்துக்கு வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சைக்கிளை நிறுத்திவிட்டு, மறுபடியும் பார்த்தார்.

"பாத்தியா? நீ நாப்பது நாப்பதுன்னு சொன்ன. அறுபது அடிச்சேன், எப்படிப் போகுது பாரு."

"ஆமாங்கக்கா" என்றாள் அவள். சிரிப்பை அடக்கியதில் விலா வலித்தது.

திங்கட்கிழமை ரோஜா ரோஜாவாகவே பூத்தது. முயலுக்கு முயலின் காது. முதலாளியம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்குப் பெயர்தான் பாராட்டு.

கதை இங்கேயே நின்றிருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் கேப்டனுக்கு ஒரு உண்மை தெரிந்துவிட்டால் அதை ஊரார் காதில் ஓதாமல் தூக்கம் வராது. வாரா வாரம் சைக்கிள் குழுவில் பிரசங்கம் நடந்தது. காற்று என்றால் கல் மாதிரி இருக்க வேண்டும், மெத்தென்று ஓட்டுபவர்கள் மெத்தையிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று. கூடவே நிரூபணமும் காட்டினார்: ஆடிட்டர் ஜோடியை மண்பாதையில் இரண்டு முறை தாண்டினார். இரண்டு முறையும் டாட்டா காட்டினார். லக்கேஜையும் காட்டச் சொன்னார். அவள் காட்டினாள். சந்தோஷமாகத்தான் காட்டினாள்.

வருஷ சவாரிக்கான நாள் வந்தது. பாதி தார் ரோடு, பாதி காட்டோரக் கல்பாதை. கிளம்புகிற மைதானத்தில் குழுவே கூடியிருந்தது. கேப்டன் தன் பம்பை நடுவில் நிறுத்திவைத்து, கோவில் யானை ஆசீர்வாதம் செய்வதுபோல ஒவ்வொருவரையும் அழைத்தார்.

"வாங்க, வாங்க. எல்லாரும் பழைய காத்தை இறக்கிட்டு என் பம்புலயே அடிச்சுக்குங்க. வர்ற வழியில அரையும் குறையுமா அடிச்சிட்டு வந்திருப்பீங்க."

வரிசை நின்றது. அவள் வரிசையில் நின்ற டயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அங்கே முக்கால்வாசிப் பேரிடம் இருந்தது ஒல்லி டயர். அவற்றுக்குத் தொண்ணூறு வேண்டும். இந்த மீட்டர் தொண்ணூறு காட்டினால் உள்ளே இருப்பது அறுபத்துச் சொச்சம். அகல டயருக்கு இதம், ஒல்லி டயருக்கு ஆபத்து. காற்று குறைந்த ஒல்லி டயர் கல்லில் மோதினால் உள்ளே இருக்கிற டியூப் இரும்பு வளையத்துக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்தமாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

ஆடிட்டர் கணவன் தன் டயரை அமுக்கிப் பார்த்தார். "கொஞ்சம் மெத்துன்னு இருக்கே?"

"விரலை நம்பாதீங்க சார். மீட்டரைப் பாருங்க" என்றார் கேப்டன். ஆடிட்டர் பார்த்தார். எண்ணை நம்பியே பிழைப்பவர், நம்பினார்.

இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வாய் வரைக்கும் வந்தது. இத்தனை பேர் நடுவில் கேப்டனின் மூக்கை உடைத்துவிட்டு, அப்புறம் அவர் பின்னால் எப்படி உட்காருவது? பின்சீட்டே இருக்காது. வழியில் கல் குறைவாக இருக்கும் என்று தனக்குத்தானே பொய் சொல்லிக்கொண்டாள். அவளைவிடப் பெரிய பொய்யை அன்று அந்த மைதானத்தில் சொன்னது மீட்டர் ஒன்றுதான், அதுவும் அவள் எழுதிக் கொடுத்தது.

பம்பைப் பின்கேரியரில் கட்டிக்கொண்டு கேப்டன் கிளம்பினார். தார் ரோடு முழுக்க ஒரு குறையும் இல்லை. கல்பாதை தொடங்கிய கொஞ்ச தூரத்தில் முன்னால் 'புஸ்' என்று ஒரு சத்தம். ஆடிட்டர் ஜோடி ஓரம் கட்டியது. கேப்டன் தாண்டும்போது கையைத் தூக்கினார். அவள் தூக்கவில்லை.

"ஏன், கை வலிக்குதா?"

"இல்லக்கா."

அடுத்த வளைவில் இன்னொரு புஸ். அதற்கடுத்து இரண்டு பேர் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து டியூபை உருவிக்கொண்டிருந்தார்கள். கேப்டனுக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னொண்ணு போச்சு. மிதி, மிதி. இன்னிக்கு நம்மதான் முதல்ல" என்று முன்னாலிருந்து குரல் வந்தபடி இருந்தது.

பாதையோரப் பாறை ஒன்றில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். குழுவில் புதிதாகச் சேர்ந்தவள், இதுதான் முதல் சவாரி, கொஞ்சம் பருமன். அவள் சைக்கிளில் இரண்டு சக்கரமும் சப்பையாகிக் கிடந்தன. தாண்டும்போது அவள் சொன்னது காதில் விழுந்தது. யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள். "என் வெயிட்டு தாங்கல போல. நான் இதுக்கெல்லாம் வந்திருக்கவே கூடாது."

அதற்கு மேல் லக்கேஜால் முடியவில்லை. பின்சீட்டுக்காரியிடம் இருக்கிற ஒரே அதிகாரத்தை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பயன்படுத்தினாள். மிதிப்பதை நிறுத்தி, பெடலைப் பின்னுக்கு அழுத்திப் பிடித்தாள். ஒரே சங்கிலி ஆயிற்றே. கேப்டனின் காலும் நின்றது. சைக்கிள் தள்ளாடி ஓரத்துப் புல்லில் போய் நின்றது.

"என்னாச்சு உனக்கு?"

"அக்கா, மீட்டர் பொய் சொல்லுது. நான்தான் எழுதி ஒட்டினேன்."

கேப்டன் இறங்கித் திரும்பினார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வட்டம் வெட்டியது, எண் எழுதியது, அறுபது என்பது நாற்பத்திரண்டு என்பது, கை மரத்தது, கழுதை, லாரி மாஸ்டர். சொல்லச் சொல்ல அழுகையும் வந்தது, அழுகைக்கு நடுவில் ஆத்திரமும் வந்தது.

"டயர்ல அறுபதுன்னு போட்டிருந்தா அதுக்கு மேல போகாதேன்னு அர்த்தங்க்கா. அறுபதுலதான் போகணும்னு இல்ல. ரோட்ல வேக போர்டைக் காட்டி உங்க பசங்களுக்கு அப்படியா சொல்லித் தர்றீங்க? நான் சொன்னா நீங்க கேக்கமாட்டீங்க. அதான் மீட்டரைச் சொல்ல வச்சேன். அது சொன்னா கேப்பீங்கல்ல."

பின்னால் யாரோ பம்பைக் கேட்டுக் கத்துகிற சத்தம் வந்தது. கேப்டன் ஹெல்மெட்டைக் கழற்றி, நெற்றியைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இத்தனை வருஷமா ஒவ்வொரு பயலும் தானே ஓட்டுறதா நினைச்சுக்கிட்டு ஓட்டினான். காலுக்கடியில பிரேக் வச்சிருந்தது நான்" என்றார் மெல்ல. "எனக்கே ஒருத்தி வச்சிருந்திருக்கா. அதுவும் தம்பி பொண்டாட்டி."

கோபமா வருத்தமா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம் என்றால், அதற்குள் அவர் சைக்கிளைத் திருப்பியிருந்தார். பழையபடி முதுகு.

திரும்பிப் போனார்கள். கேப்டன் நேராக நர்ஸிடம் போய் நின்றார். "உன் வெயிட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. என் மீட்டர் பழுது. நான் கவனிக்கல" என்றார். பிறகு ஆடிட்டர் ஜோடியிடமும் அதையே சொன்னார். ஆடிட்டர் மனைவி இரண்டு வார்த்தை கூடுதலாகவே கேட்டாள். கேப்டன் வாங்கிக்கொண்டார். யார் எழுதி ஒட்டியது என்று மூச்சு விடவில்லை. அதுதான் தம்பி மனைவியை அதிகமாகச் சுட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

இருவரும் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு டியூபாக ஒட்டுப் போட்டார்கள். அவள் ஒட்டு போட, கேப்டன் விரலால் அமுக்கிப் பார்த்துக் காற்றடித்தார். அன்று முழுக்க அவர் மீட்டரைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. முடிகிற இடத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தோரணத்தையே அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம் மாடியிலிருந்து சத்தமே இல்லை. அடுப்பில் தீ அதிகமாயிற்று, யாரும் குறைக்கச் சொல்லவில்லை. ஒரு நாள் அவள் வேண்டுமென்றே பாலைப் பொங்கவிட்டுப் பார்த்தாள். ஊஹூம். கணவன் படியேறிப் போய்ப் பேசிப் பார்க்கிறேன் என்று கிளம்பி, பாதிப் படியில் திரும்பி வந்து, "அக்கா வாட்சுக்குச் சாவி குடுத்துக்கிட்டிருக்கா" என்றான். அது பாட்டரியில் ஓடுகிற வாட்ச்.

சனிக்கிழமை சாயங்காலம் லாரி மாஸ்டர் வந்தார். அவள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். நிஜமாகவே தூண் மாதிரிதான் தொடை. பின்சீட்டைத் தன் உயரத்துக்கு ஏற்றினார், ஏறி உட்கார்ந்தார். முன்னால் கேப்டன். இரண்டு பேரும் தெருமுனை வரை போய் மறைந்தார்கள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அது தன்னுடைய சீட் என்று ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. மற்றவர்கள் லக்கேஜ் என்று கூப்பிட்டதுகூட இப்போது அவளுக்குச் சொந்தப் பெயர்போல வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் பழக்கத்தில் எழுந்துவிட்டாள். எழுந்து என்ன செய்ய என்று தெரியாமல் சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள். அப்போது படிக்கட்டிலிருந்து குரல் வந்தது.

"வர்றியா இல்லையா?"

ஓடிவந்து பார்த்தாள். பின்சீட் அவள் உயரத்துக்கு இறங்கியிருந்தது.

"லாரி மாஸ்டர்?"

"ஆளா அவரு. தெருமுனை போறதுக்குள்ள, கேப்டன் இடது பக்கம் ஒதுங்குங்க, கேப்டன் வளைவுல மெதுவான்னு, என் முதுகுக்குப் பின்னால உக்காந்து எனக்கே ஓட்டச் சொல்லித் தர்றாரு. ஒரு வண்டியில ரெண்டு மாஸ்டர் ஆகாது." கேப்டன் ஷூ லேஸை இறுக்கினார். "ஏறு."

கிளம்புவதற்கு முன் பம்பை எடுத்தார். மீட்டர் புதிது, கடையிலிருந்து வந்த பெட்டியின் வாசனைகூடப் போகவில்லை. அவளைப் பார்க்கவில்லை. மிதித்தார். முள் நாற்பதைத் தாண்டியது, ஐம்பதைத் தாண்டியது, அறுபதில் நின்றது. அசல் அறுபது. டயர் கருங்கல்லானது. சீட் கிடைத்ததே பெரிது, கை போனால் போகட்டும் என்று ஏறி உட்கார்ந்தாள்.

தார் ரோடு முடிந்து மண்பாதை தொடங்குகிற இடத்தில் கேப்டன் பிரேக் பிடித்தார். இறங்கி, சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, கால்வாய்ப் பக்கமாகத் திரும்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் கொஞ்ச நேரம் இந்தத் தண்ணியப் பாக்கப் போறேன்" என்றார். "பின்னால என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது."

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் மண்ணில் மண்டியிட்டு, டயரின் மூடியைத் திருகி எடுத்து, வால்வை அமுக்கினாள். காற்று 'ஸ்ஸ்' என்று சீறியது. கேப்டன் திரும்பவில்லை. தண்ணீரையே பார்த்தார்.

"போதுமா?" என்று மட்டும் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம்க்கா."

"நான் எதையும் கேக்கல."

"நானும் எதையும் சொல்லல" என்று சொல்லிக்கொண்டே அவள் இரண்டாவது சக்கரத்துக்கு நகர்ந்தாள்.